சோற்றுப் பாதையும் காற்றுப் பாதையும் குறுக்கிடும் இடம்

புரைக்கேறினால் "யாரோ நினைக்கினம்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் பழகிப்போன வைத்தியம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடானாலும் வெள்ளவத்தை அடுக்குமாடியானாலும் தட்டுவது ஒரே மாதிரிதான். தட்டுவதால் எதுவும் இறங்குவதில்லை. இருமுகிறவர் தானாகவே சமாளித்துக்கொள்கிறார், பெயர் தட்டியவருக்குப் போகிறது.

புரைக்கேறுதலுக்குக் காரணம் நம் உடல் அமைந்திருக்கும் விதம். வாய் முன்னால் இருக்கிறது, அதில் போடும் உணவு பின்னால் இருக்கும் குழாய்க்குள் இறங்க வேண்டும். மூக்கின் பாதை தொண்டைக்கு மேலே பின்புறமாக வந்து திறக்கிறது, அதன் வழியே வரும் காற்றோ முன்னால் இருக்கும் குழாய்க்குள் போக வேண்டும். ஆக, இரண்டு பாதைகளும் தொண்டையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும். பாடசாலையில் சமிபாட்டுத் தொகுதியை ஒரு பக்கத்திலும் சுவாசத் தொகுதியை இன்னொரு பக்கத்திலும் வரைந்து நிறம் தீட்டிப் படித்ததால் இந்தக் குறுக்கீடு பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கோளாறுகள் அப்படிப் பக்கம் பிரித்து வருவதில்லை. குழந்தையின் தொண்டையில் சிக்கும் ரம்புட்டான், பாரிசவாதம் வந்து படுத்திருக்கும் தாத்தாவுக்குத் திடீரென்று ஏறும் காய்ச்சல், இரவில் மட்டும் வரும் இருமல், மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையின் மூச்சிரைப்பு, ஒப்பரேஷனுக்கு முன் பட்டினி கிடக்கச் சொல்வது என்று எதை எடுத்தாலும் இந்த ஓர் இடத்துக்கு வந்து சேரலாம்.

முதலில் இருந்தது ஒரு குழாய்தான்

கருவின் நாலாவது கிழமை வரை சுவாசப்பை என்று தனியாக எதுவும் கிடையாது. முன்குடல் என்ற ஒற்றைக் குழாயின் முன்சுவரில் ஒரு சிறு மொட்டு புடைக்கிறது. அது கீழ்நோக்கி வளர்ந்து இரண்டாகக் கிளைவிடும்போதே, மொட்டுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு தடுப்பும் உருவாகிறது. பின்னால் நிற்பது களம், அதாவது உணவுக்குழாய். முன்னால் பிரிந்தது வாதனாளி, அதாவது மூச்சுக்குழாய்.

அந்தப் பிரிவு ஒழுங்காக நடக்காமல் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 3,000 முதல் 4,500 பிறப்புகளுக்கு ஒன்று. அதிகம் காணப்படும் வகையில் களத்தின் மேற்பாதி முட்டுச்சந்து போல அடைபட்டு முடிந்துவிடும், கீழ்ப்பாதி போய் வாதனாளியில் ஒட்டியிருக்கும். குழந்தையின் வாயிலிருந்து நுரைநுரையாக உமிழ்நீர் வழிந்துகொண்டே இருக்கும். முதற்பால் கொடுத்ததும் இருமும், நீலம்பாரிக்கும். மெல்லிய குழாய் ஒன்றை இறக்கிப் பார்த்தால் 10 சென்ரிமீற்றர் அளவிலேயே தட்டி நின்றுவிடும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் வாயால் எதையும் கொடுக்கக் கூடாது. சீனித்தண்ணி ஒரு துளி என்றாலும் வேண்டாம். சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு, கொழும்பில் என்றால் பொறளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற ஒன்றுக்கு, குழந்தை போயாக வேண்டும்.

பிரிந்த பிறகும் இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே கீழிறங்குகின்றன. வளர்ந்தவரின் வாதனாளி 10 முதல் 12 செ.மீ. நீளம். அதைத் திறந்து வைத்திருக்கும் 16 முதல் 20 வரையான கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள் முழு வட்டமாக இல்லை, பின்பக்கம் திறந்திருக்கும் பிறைகள். அந்தத் திறந்த பக்கத்தில்தான் களம் சாய்ந்திருக்கிறது. பெரிய கவளம் இறங்கும்போது களம் முன்னோக்கிப் புடைக்க இடம் கிடைப்பது இதனால்தான். அதே காரணத்தால், களத்தில் சிக்கிய பெரிய இறைச்சித் துண்டு சிறுபிள்ளையின் வாதனாளியைப் பின்னாலிருந்து அழுத்தவும் முடியும்.

இரண்டு குழாய்களின் முடிவிடங்கள்தான் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு. இரைப்பை கரடுமுரடான இடம். பீ.எச். 1.5 முதல் 3.5 வரையான அமிலம், அதைத் தாங்கத் தடித்த சளிப்படலம். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே அழிகிறது. சுவாசப்பையின் முடிவில் இருப்பதோ 30 கோடிக்கும் அதிகமான சிற்றறைகள். விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீற்றர். காற்றுக்கும் குருதிக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் அரைப்பங்கு தடிப்பம். ஒட்சிசன் உள்ளே போவதற்கும் காபனீரொட்சைட்டு வெளியே வருவதற்கும் அந்த மெல்லிய சுவர் அவசியம், அமிலத்தையோ சோற்றுப் பருக்கையையோ தாங்க அது செய்யப்படவில்லை. வயிற்றில் ஒரு தீங்கும் செய்யாத ஒரு கரண்டிப் பால், சிற்றறைக்குள் போனால் நோய்.

ஒரு கவளம் இறங்கும் ஒரு செக்கன்

சோற்றைப் பிசைந்து வாயில் வைத்து, மென்று, உமிழ்நீரில் நனைத்து, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பின்னுக்குத் தள்ளும் வரை எல்லாம் நம் விருப்பப்படி நடக்கிறது. விரும்பினால் துப்பிவிடலாம். உமிழ்நீர் மட்டும் ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 லீற்றர் வரை சுரக்கிறது. அது போதாமல் வாய் வறண்டவர்களுக்கு, குறிப்பாகச் சில இரத்த அழுத்த, மன அழுத்த மாத்திரைகள் எடுக்கும் முதியவர்களுக்கு, விழுங்கல் இந்த முதற்கட்டத்திலேயே சிக்கலாகிவிடும்.

கவளம் தொண்டையின் முன்வளைவைத் தொட்டதும் பொறுப்பு மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு நிறுத்த முடியாது. மெல்லண்ணம் எழும்பி மூக்குப் பாதையை மூடுகிறது. மூச்சு நின்றுவிடுகிறது. குரல்நாண்கள் இறுக ஒட்டிக்கொள்கின்றன. குரல்வளை முழுவதும் ஏறக்குறைய 2 செ.மீ. மேலும் முன்னுமாக நகர்கிறது, கண்ணாடியில் பார்த்து எச்சில் விழுங்கினால் கழுத்தில் இது தெரியும். மூச்சுக்குழல்வாய்மூடி பின்னால் சரிகிறது. களத்தின் மேல்முனையில் மற்ற நேரமெல்லாம் மூடியே இருக்கும் வளையத்தசை, அதாவது மேல் இறுக்கி, தளர்ந்து திறக்கிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு செக்கனில். களனிவெளிப் பாதையை வெட்டிச் செல்லும் கொழும்பு வீதிகளில் ரயில் வரும்போது படலை விழுந்து வாகனங்கள் நிற்பது போலத்தான். ஒரு வழி திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகத் திறந்தால் விபத்து.

மூச்சுக்குழல்வாய்மூடிதான் இதில் முழுக் காவலும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அவ்வளவு பெருமை தேவையில்லை. புற்றுநோய்க்காக அந்த மூடியை அகற்றியவர்களிலும் பலர் பயிற்சியோடு மீண்டும் வாயால் சாப்பிடுகிறார்கள். குரல்வளை எழும்புவதும் குரல்நாண்கள் மூடுவதும் தவறினால்தான் நிலைமை மோசமாகும்.

இன்னொரு ஒழுங்கு உண்டு. பெரும்பாலான வேளைகளில் நாம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்போதுதான் விழுங்குகிறோம், விழுங்கி முடிந்ததும் மிச்ச மூச்சும் வெளியேதான் போகிறது. வாசலில் ஒரு பருக்கை தங்கியிருந்தாலும் அந்தக் காற்று அதை மேலே தள்ளிவிடும். சாப்பிடும்போது சிரித்தால் இந்த ஒழுங்கு குலையும், ஏனென்றால் சிரிப்புக்குப் பிறகு வருவது திடீர் உள்மூச்சு. புறக்கோட்டையில் மதிய நேரத்தில் ஒரு கையில் போன், மறு கையில் கொத்துரொட்டி என்று கதைத்தபடியே சாப்பிடுகிறவருக்குப் புரைக்கேறுவதில் ஆச்சரியம் இல்லை. அப்படி ஏறினால் தலையில் தட்ட வேண்டாம், தண்ணீரையும் நீட்ட வேண்டாம். இருமிக்கொண்டிருப்பவரின் குரல்வளை திறந்திருக்கும், தண்ணீரும் அதே வழியில் போகும். இருமி முடிக்க விட்டால் போதும்.

வாசலைத் தாண்டிய கவளத்தைக் களம் ஈர்ப்புவிசையை நம்பி விட்டுவிடுவதில்லை. களத்தின் தசை மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கும் சுற்றுச்சுருக்கு அலை செக்கனுக்கு 3, 4 செ.மீ. வேகத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. 25 செ.மீ. தூரத்துக்கு ஆறு முதல் எட்டுச் செக்கன் பிடிக்கும்.

அடைத்துவிட்டால்

இருமல் சத்தம் கேட்கும் வரை காற்று போய்வருகிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது சத்தம் நின்றால்தான். கதைக்க முடியாது, இரண்டு கைகளும் கழுத்துக்குப் போகும், உதடு நீலம்பாரிக்கத் தொடங்கும். நாலு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும் என்பதால் வாகனம் தேடி ஓடுவது முதல் வேலை இல்லை. ஒருவர் 1990க்கு அழைக்கட்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை அது. மற்றவர் கையை வைக்க வேண்டும்.

வளர்ந்தவர் என்றால் அவரை முன்னால் குனியவைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பொருள் வந்துவிட்டதா என்று பார்க்கவும். வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கும் நெஞ்சென்பின் நுனிக்கும் நடுவில் ஒரு கையைப் பொத்தி வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வெட்டி இழுக்க வேண்டும். ஐந்தும் ஐந்துமாக மாறிமாறிச் செய்ய வேண்டியது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடான பிரிமென்றகடு மேலே தள்ளப்படுவதால் சுவாசப்பையில் மிஞ்சியிருக்கும் காற்று பொருளை வெளியே துப்பும், இதன் தத்துவம் அவ்வளவுதான். கர்ப்பிணிக்கும், கை சுற்றி எட்டாத அளவு உடல் பருத்தவருக்கும் வயிற்றில் அழுத்தாமல் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். நினைவிழந்து விழுந்துவிட்டால் தரையில் கிடத்தி, நெஞ்சை 30 தரம் அழுத்தி இரண்டு மூச்சு ஊதும் முறைக்கு மாறவும். வயிற்றை இழுத்துக் காப்பாற்றப்பட்டவர் நலமாகத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டப்பட வேண்டும், உள்ளுறுப்பில் காயம் பட்டிருக்கலாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் கிழியலாம். முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து அடி. பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது மிக மோசமான பழக்கம். மேலே இருந்ததை அது வாசலுக்குள் தள்ளி அடைத்துவிடும்.

நாலைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கச்சான், முழுக் கடலை, முழுத் திராட்சை வேண்டாம். மெல்லும் பின்பற்கள் போதாது, வாதனாளியும் ஒடுக்கம். காலிமுகத்திடலில் ஓடி விளையாடும் பிள்ளையின் கையில் கச்சான் சரையைக் கொடுப்பது இரண்டு ஆபத்தை ஒன்றாக்குவது, ஓடும்போது மூச்சு வாயால் உள்ளே இழுக்கப்படும். ரம்புட்டான் இன்னும் மோசம். வழுவழுப்பான முட்டை வடிவம், உறிஞ்சிச் சாப்பிடும் பழக்கம், குழந்தையின் குரல்வளை வாசலை அப்படியே அடைக்கக்கூடிய பருமன். தோலுரித்து, விதையை நீக்கி, சதையை நறுக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சில நேரம் பொருள் வாசலைத் தாண்டிக் கீழே போய்விடும். பிள்ளை ஒரு முறை கடுமையாக இருமும், பிறகு விளையாடப் போய்விடும், வீட்டிலும் மறந்துவிடுவார்கள். வாதனாளி பிரியும் இரண்டு மூச்சுக்கிளைகளில் வலது இடதைவிட அகலம், குட்டை, நேர்க்குத்து, அதனால் அதிகமாக அங்கேதான் விழும். கச்சான் எக்ஸ்ரேயில் தெரியாது, அதன் எண்ணெய் சுற்றியுள்ள இழையத்தை வீங்கவைக்கும். சில நாட்களிலோ கிழமைகளிலோ ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இழுப்பு, மருந்துக்கு மாறி மறுபடி அதே இடத்தில் வரும் நியூமோனியா. ஆஸ்த்மா என்று மருந்து கொடுத்தும் தீராத இத்தகைய பிள்ளையின் பெற்றோர், "எப்போதாவது சாப்பிடும்போது புரைக்கேறியதா" என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே சாதாரணமாக இருப்பது விடுதலைப் பத்திரம் அல்ல. சந்தேகம் இருந்தால் மயக்கம் கொடுத்து உள்நோக்கிக் குழாயால் பார்ப்பார்கள்.

படுத்திருப்பவருக்கு ஊட்டும் கரண்டி

பாரிசவாதம் வந்த புதிதில் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்கல் பிழைக்கிறது. விழுங்கலை நடத்தும் ஐந்து மண்டை நரம்புகளுக்கும் மூளையிலிருந்து வரும் கட்டளை குழம்பிவிடுவதுதான் காரணம். வீட்டார் பார்ப்பது கோணிய வாயையும் தூக்க முடியாத கையையும். தொண்டை தெரிவதில்லை. பசியோடு இருக்கிறாரே என்ற பாசத்தில், மல்லாந்து படுத்திருப்பவரின் வாயில் தண்ணீரையோ தேநீரையோ ஊற்றுவதுதான் அடுத்து நடப்பது.

இருமினால் கூடப் பரவாயில்லை, காவல் இருக்கிறது என்று தெரிகிறது. பலருக்கு அந்த இருமலே வராது. உணவு ஓசைப்படாமல் சுவாசப்பைக்குள் இறங்கும். ஓரிரு நாளில் காய்ச்சல், வேகமான மூச்சு, வழமையைவிட அதிகத் தூக்கம், வலப்பக்க அடிச்சுவாசப்பையில் இரைச்சல். "பனியில் சளி பிடித்துவிட்டது" என்று சொல்லிக் கடந்துபோகிற நியூமோனியாக்களில் நிறைய இந்த வகை.

ஆகவே பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்கல் பரிசோதனை முடியும் வரை வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது, மாத்திரையும் தண்ணீரும் உட்பட. பரிசோதனையை வைத்தியரோ தாதியோ பேச்சு மொழிச் சிகிச்சையாளரோ செய்வார். இந்தத் துறைக்கு இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது, ஆனாலும் வீட்டார் பலருக்கு இப்படி ஒருவரைக் கேட்கலாம் என்பதே தெரியாது. கேட்க வேண்டும்.

வாயால் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு, ஊட்டும் விதம்தான் எல்லாம். முழுதாக விழித்திருக்கும்போது மட்டும். முதுகுக்குத் தலையணை கொடுத்து, இயன்றவரை நிமிர்ந்து, கதிரையில் இருப்பது போல. நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி அண்ணாந்து பார்ப்பார், அண்ணாந்தால் வாசல் திறக்கும். ஆகவே ஊட்டுபவரும் எதிரே இருந்து, கண்மட்டத்தில், தேக்கரண்டி அளவு. கழுத்தில் குரல்வளை ஏறி இறங்குவதைக் கண்ட பிறகே அடுத்த கரண்டி. செயலிழந்த பக்கக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கும், விழுங்கிவிட்டதாக நினைத்துப் படுக்கவைத்தால் அது பிறகு உருளும். இடையிடையே "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொழகொழத்தால் நிறுத்திவிடவும். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

தண்ணீர்தான் லேசு என்பது தவறான எண்ணம். மெல்லிய திரவம் வேகமாக ஓடும், பலவீனமான தொண்டை மூடும் முன் வாசலை எட்டிவிடும். தடித்த கஞ்சி மெதுவாக நகர்வதால் அவகாசம் தருகிறது, எவ்வளவு தடிப்பம் என்பதைப் பரிசோதித்தவர் சொல்வார். எல்லாவற்றையும்விடக் கடினம் திரவமும் திண்மமும் கலந்தது. சொதி விட்ட இடியப்பமும் ரசம் ஊற்றிய சோறும் இந்த வகை. இடியப்பத்தை மெல்லும்போதே சொதி தனியாக வழிந்து இறங்கிவிடும். நோயாளிச் சாப்பாடு என்றாலே நாம் கொடுப்பது அதைத்தான்.

பல் துலக்கலை இங்கே சொல்லாமல் விட முடியாது. உமிழ்நீர் கொஞ்சம் உள்ளே போவதை முழுதாகத் தடுக்க முடியாது, அதில் என்ன கிருமி இருக்கிறது என்பதை மாற்றலாம். குழாய் மூலம் உணவு எடுப்பவருக்கும் நாளுக்கு இருமுறை வாய் சுத்தம் தேவை, வாயால் சாப்பிடாதவருக்கு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். மூக்குக் குழாய் புரைக்கேறுவதை முழுதாக நிறுத்தும் என்றும் நம்ப வேண்டாம். உணவு விடும்போதும் அதன் பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். குழாய் இடம் மாறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், உறிஞ்சி எடுத்த திரவத்தைச் சோதனைத் தாளில் விட்டு பீ.எச். 5.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பதைப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை நம்ப முடியாது.

கீழ் வாசலும் இரவு இருமலும்

களத்தின் கீழ்முனையில் இன்னோர் இறுக்கி உண்டு. நெஞ்சறையில் அழுத்தம் குறைவு, வயிற்றறையில் அதிகம், எனவே இரைப்பையில் உள்ளது எந்நேரமும் மேலே வரத்தான் பார்க்கும். இறுக்கியோடு சேர்ந்து அதைத் தடுப்பது பிரிமென்றகட்டின் தசை. மூச்சுவிட உதவும் அதே தசை, களம் நுழையும் துவாரத்தைச் சுற்றிக் கவட்டை போலப் பிடித்திருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதி அந்தத் துவாரத்தின் வழியாக நெஞ்சுக்குள் நழுவினால் இரண்டு பிடிகளும் விலகிவிடும், நெஞ்செரிவு தொடரும்.

ஒன்பது, பத்து மணிக்கு வேலையிலிருந்து வந்து, வயிறு நிறையச் சோறோ பிரியாணியோ சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் படுப்பது கொழும்பில் பலரின் நாள். கலப்பு உணவு இரைப்பையை விட்டு இறங்க இரண்டு முதல் நாலு மணி நேரம் வேண்டும், எண்ணெயும் கொழுப்பும் கூடினால் இன்னும் தாமதம். படுத்தால் ஈர்ப்புவிசையின் உதவி போய்விடும், உறங்கினால் உமிழ்நீர் சுரப்பும் விழுங்கலும் மிகக் குறைந்துவிடும். ஏறி வந்த அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அது குரல்வளை வரை தெறித்தால் இருமல், காலையில் கரகரத்த குரல். தெறிக்காமலும் இருமல் வரலாம். களத்தின் அடியையும் மூச்சுக்கிளைகளையும் இணைப்பது ஒரே வேகசு நரம்பு, கீழே எரிந்தால் மேலே இருமல் தூண்டப்படும்.

இதற்கு மாத்திரைக்கு முதல் செய்ய வேண்டியவை உண்டு. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழ் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை அல்லது செங்கல். தலையணைகளை அடுக்குவது கழுத்தை மட்டும் மடக்கி வயிற்றை அழுத்தும், பலன் எதிர்மாறு. இடப்பக்கம் சரிந்து படுத்தால் இரைப்பையின் பெரிய பை வாசலைவிடத் தாழ்வாக இருக்கும். ஒமெப்ரசோலைப் பெரும்பாலானோர் சாப்பிட்ட பிறகு விழுங்குகிறார்கள். அது அமிலம் சுரக்கும் கலங்கள் வேலை தொடங்கும் நேரத்தில் குருதியில் இருந்தால்தான் பிடிக்கும், ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னர் எடுக்க வேண்டும். ஒரு குளிசையில் உடனே ஆறுதல் தேடுவதற்கு அது மருந்தல்ல, முழுப் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும்.

இரவு இருமல் எல்லாவற்றையும் அமிலத்தின் தலையில் போட்டுவிடவும் முடியாது. நெஞ்செரிவே இல்லாத இருமலுக்கு அமில மாத்திரை பெரும்பாலும் உதவுவதில்லை. எனலபிரில், கப்ரோபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரும், பட்டியலைப் பார்க்க வேண்டும். தியோபிலின் போன்ற ஆஸ்த்மா மாத்திரை கீழ் இறுக்கியைத் தளர்த்தும், அதாவது மூச்சுக்கு எடுத்த மருந்து வயிற்றைக் கிளப்பும். இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய்ச் சளிப் பரிசோதனை வேண்டும்.

மேலும் ஒன்று. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எது வந்தாலும் "காஸ்ட்ரைட்டிஸ்" என்று ஈனோ கரைத்துக் குடிப்பது கொழும்பில் ஏறக்குறைய அனிச்சைச் செயலாகிவிட்டது. வியர்வையோடு வரும் நெஞ்சிறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, படியேறும்போது வந்து நின்றால் குறையும் பாரம் இவையெல்லாம் மாரடைப்பாக இருக்கலாம். ஈனோவில் குறைந்ததாகத் தோன்றுவது எதையும் நிரூபிப்பதில்லை. ஈ.சீ.ஜி. எடுத்த பிறகு வயிற்றைப் பற்றிக் கதைக்கலாம்.

நடுவழியில் சிக்குபவை

களம் மூன்று இடத்தில் ஒடுங்குகிறது. முன்பற்களிலிருந்து ஏறக்குறைய 15, 25, 40 செ.மீ. தூரங்களில். ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை நடு ஒடுக்கத்தில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கும். எலிக்காய்ச்சல் தடுப்புக்கு வயல் வேலை செய்வோர் எடுக்கும் டொக்சிசைக்கிளின், எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் அலென்ட்ரோனேற், இரும்புச்சத்துக் குளிசை ஆகியன இதில் பேர்போனவை. ஒரு முழுக் குவளைத் தண்ணீரும், பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்திருப்பதும் போதுமான காப்பு.

மீன் முள் குத்தினால் சோற்றுருண்டையை விழுங்கித் தள்ளுவது வழமை. சூடை மீனின் மெல்லிய முள் சில நேரம் அதில் போகும். ஊன்றிய முள் ஆழமாக இறங்கும். ஒரே இடத்தில் குத்தல் நீடித்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். முள் எப்போதும் எக்ஸ்ரேயில் தெரியாது. காய்ச்சலோ கழுத்து வீக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அதே நாளில்.

பட்டன் பற்றரி வேறு கதை. களத்தில் நின்றுவிட்ட பற்றரி இரண்டு மணி நேரத்திலேயே சுவரை எரிக்கத் தொடங்கும். ஒழுகுவதால் அல்ல, ஈரமான இழையத்தில் மின்னோட்டம் பாய்ந்து கடுங்காரம் உண்டாவதால். எரிவு களத்தைத் துளைத்து முன்னால் ஒட்டியிருக்கும் வாதனாளிக்குள் வழி திறந்துவிடலாம், கருவில் பிரிந்த இரண்டு குழாய்களும் மறுபடி இணைந்துவிடும். எக்ஸ்ரேயில் காசு போலத் தெரியும், விளிம்பில் இரட்டை வளையம் இருந்தால் அது காசு இல்லை.

கீழிருந்து மேலே வருபவை

தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைப் பிள்ளை குடித்துவிட்டால், சத்தி எடுக்கவைப்பதுதான் மிகப் பெரிய தவறு. மண்ணெண்ணெய் வயிற்றுக்குச் செய்யும் தீங்கு கொஞ்சம். அது மெல்லியது, எளிதில் பரவும். மேலே வரும்போது குறுக்கிடும் இடத்தில் ஒரு துளி தவறினாலும் மூச்சுக்கிளைகளில் படர்ந்து சிற்றறைகளின் உட்பூச்சைக் கெடுத்துவிடும். உப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய், பச்சை முட்டை எதுவும் வேண்டாம், தொண்டைக்குள் விரலும் வேண்டாம். ஆடையில் பட்டிருந்தால் கழற்றிக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் ஆறு மணி நேரமாவது அவதானிப்பார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும்போதும் இதே ஆபத்து. மயங்கியவரின் கீழ் இறுக்கி தளரும், குரல்நாண்கள் மூடாது, இருமல் வராது. இரைப்பையில் இருப்பது ஏறினால் நேரே சுவாசப்பைக்குத்தான். பிரசவத்துக்கு மயக்கப்பட்ட தாய்மாரில் இது நடப்பதை 1946இல் மென்டல்சன் என்ற அமெரிக்க வைத்தியர் விவரித்தார், பட்டினி விதிகள் இறுகியது அதன் பிறகு. திட உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நாலு, தெளிந்த திரவத்துக்கு இரண்டு. நீரிழிவு, கர்ப்பம், அவசர சத்திரசிகிச்சை என்றால் கணக்கு மாறும், மயக்க மருந்து வைத்தியர் சொல்வதே முடிவு.

தேநீர்தான் இங்கே பலரைத் தடுமாறவைக்கிறது. பால் சேராத பிளேன் ரீ தெளிந்த திரவத்தில் சேரும். பால் சேர்த்தால், ஒரு கரண்டி மாப்பால் என்றாலும், ஆறு மணி நேரக் கணக்கு. விடியற்காலையில் பழக்கத்தில் ஒரு கோப்பை பால்த்தேநீர் குடித்துவிட்டு, ஒப்பரேஷன் தள்ளிப்போகுமே என்று தாதியிடம் மறைப்பவர்கள் உண்டு. சொன்னால் சத்திரசிகிச்சை பிற்பகலுக்கோ மறுநாளுக்கோ மாறும். சொல்லாமல் விட்டு, மயக்கத்தில் அந்தத் தேநீர் மேலே ஏறினால், போக வேண்டியது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு.